எம்.எஸ்சி. இருக்கும்போது பி.எட். எதற்கு?

கேள்வி: தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, திருமணமாகி மும்பை வந்தவள் நான். செம்பூரில் இருக்கிறோம். சில வருடங்களாகத் தாராவி பக்கத்தில் ஒரு தனியார் ஆங்கிலவழிப் பள்ளியில் ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். பி.எட். இல்லை என்று சொல்லியே சம்பளத்தை ஏற்றாமல் வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் முடிக்கச் சொல்லி பிரின்சிபால் நெருக்குகிறார். வேறு மாநிலத்தில் ஒரு கல்லூரியில் சேர்த்துவிடுவதாகவும், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும் என்றும் ஒருவர் பணம் கேட்கிறார். ஒரு வருட பி.எட். வரப்போகிறது, பொறு என்கிறார் கணவர். அதற்குப் பதில் எம்.ஏ. எஜுகேஷன் படி என்கிறாள் தோழி. பாடம் எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு வருடம் சம்பளத்தை விட்டுவிட்டு அப்படி என்ன புதிதாகக் கற்றுக்கொள்ளப் போகிறேன்? இன்னொன்று, என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள். தமிழில் சொன்னால் சட்டென்று புரிகிறது. ஆனால் வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்பது பள்ளியின் விதி. என்ன செய்வது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செம்பூர்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பணம் கேட்பவரிடம் இன்றைக்கே முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஆசிரியர் படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். அதன் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். என்பது இரண்டு வருட முழுநேரப் படிப்பு. வகுப்புகளுக்கு 80 சதவீத வருகையும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீத வருகையும் வேண்டும். முதல் வருடத்தில் 4 வாரம், இரண்டாம் வருடத்தில் 16 வாரம் என்று மொத்தம் 20 வாரம் பள்ளிகளில் இருந்தாக வேண்டும். செம்பூரில் தினமும் வகுப்பெடுத்துக்கொண்டே இன்னொரு மாநிலத்தில் 20 வாரம் பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் வாங்கினால், நாளைக்கு ஒரு நல்ல வேலைக்குப் போகும்போது சான்றிதழ் சரிபார்ப்பில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பணம் வாங்கியவர் அப்போது போனை எடுக்க மாட்டார்.

அஞ்சல்வழி பி.எட். பற்றியும் யாராவது சொல்வார்கள். இக்னோ எனப்படும் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பி.எட். மதிப்புள்ள படிப்புதான். ஆனால் அது ஏற்கெனவே தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கு உரியது. பயிற்சியே பெறாமல் நேராக வகுப்புக்குள் வந்த உங்களுக்கு அந்த வழி இல்லை.

ஒரு வருட பி.எட். வெறும் வதந்தி இல்லை. முதுகலைப் பட்டமோ நான்கு வருட இளங்கலைப் பட்டமோ பெற்றவர்களுக்கு அப்படி ஒரு படிப்பு இருக்கலாம் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. 2025 தொடக்கத்தில் என்.சி.டி.இ. வெளியிட்ட வரைவு விதிமுறைகளிலும் அது இருந்தது. உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் அதை நம்பிச் சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு கல்லூரி, அங்கீகாரத்தோடு, அந்தப் படிப்புக்கு விண்ணப்பம் கொடுக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தால் யோசிக்கலாம். கொடுக்காவிட்டால் இரண்டு வருடப் படிப்புக்குத் தயாராகுங்கள்.

இனி உங்கள் கடிதத்தின் முக்கியமான வரிக்கு வருகிறேன். 'பாடம் எனக்கு நன்றாகவே தெரியும்' என்று எழுதியிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. முடித்தவருக்குத் தெரியாமல் இருக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மின்னோட்டம் என்றால் என்ன என்று நீங்கள் அறிந்திருப்பதும், அதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை மனதில் எப்படி வைத்திருக்கிறது என்று அறிந்திருப்பதும் வேறு வேறு. இரண்டாவதை எம்.எஸ்சி.யில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு மதிப்பாகத் தெரிவது இது ஒன்றுதான். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்கவும் இதையே அளவுகோலாக வையுங்கள்.

உங்கள் வகுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஒரு செல், இரண்டு டார்ச் பல்பு, கொஞ்சம் ஒயர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பல்பையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர் இணைப்பில் வைக்க வேண்டும். இணைப்பைக் கொடுப்பதற்கு முன்னாலேயே, எது நன்றாக எரியும் என்று கேட்டு ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு நல்ல பங்குப் பிள்ளைகள் முதல் பல்பு என்று எழுதுவார்கள். மின்சாரம் முதலில் வந்து சேரும் பல்பு கொஞ்சத்தைச் செலவழித்துவிடும், மிச்சம் மீதிதான் அடுத்ததுக்குப் போகும் என்பது அவர்கள் எண்ணம். வீட்டுத் தண்ணீர்க் குழாயையும் கரண்டு பில்லையும் பார்த்து வளரும் பிள்ளை அப்படி நினைப்பது இயற்கை. உலகத்தில் பல நாடுகளில் பிள்ளைகள் இதையேதான் சொல்கிறார்கள் என்று அறிவியல் கல்வி ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன.

இப்போது இணைப்பைக் கொடுங்கள். இங்கேதான் ஒரு சிக்கல் வரும். ஒரே பெட்டியில் வாங்கிய பல்புகள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை; ஒன்று சற்றுத் தூக்கலாகவே எரியும். அது முதலிடத்தில் இருந்துவிட்டால் 'பாத்தீங்களா மிஸ், நான் சொன்னேன்ல' என்று வகுப்பே கூத்தாடும். முன்கூட்டிச் செய்து பார்க்காத ஆசிரியர் அந்த இடத்தில் 'அது பல்பு சரியில்லை, புத்தகத்தில் இருக்கிறதை எழுதிக்கோ' என்று முடித்துவிடுவார். பிள்ளைக்குத் தன் கண்ணால் பார்த்தது நிற்கும், புத்தகத்தில் எழுதியது பரீட்சையோடு போய்விடும். பயிற்சி பெற்றவர் பல்புகளை இடம் மாற்றிக் காட்டுவார். பிரகாசமாக எரிந்த பல்பு, இரண்டாவது இடத்துக்குப் போனாலும் அதேபோலத்தான் எரியும். அப்படியென்றால் இடம் காரணம் இல்லை. பிறகு மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், கடைசியில் என்று மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே அளவு காட்டும்.

அதோடு பாடம் முடியாது. விவரமான பிள்ளை ஒன்று எழுந்து, 'கரண்ட் குறையவே இல்லைன்னா செல் ஏன் தீர்ந்துபோகுது?' என்று கேட்கும். அந்த ஒரு கேள்விதான் அந்த நாளின் பாடம். சுற்றி வருகிற மின்னோட்டம் வேறு, வெளிச்சமாகவும் வெப்பமாகவும் வெளியே போகிற ஆற்றல் வேறு என்று பிரித்துச் சொல்லும் இடம் அது. மின்சுற்றுகளுக்கான கிர்ச்சாஃப் விதிகளில் கணக்குப் போடத் தெரிந்த ஒருவர், அந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்து வகுப்புக்குள் போகிறாரா என்பதில்தான் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசம் தெரிகிறது.

கணக்கிலும் இதே கதைதான். 0.25, 0.3 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள். 25 மூன்றைவிடப் பெரியது, ஆகவே 0.25 என்று சொல்லும் பிள்ளை ஏழாம் வகுப்பிலும் இருக்கும். அது கவனக்குறைவு இல்லை. முழு எண்களில் அதுவரை சரியாக வேலை செய்த ஒரு விதியை அந்தப் பிள்ளை இங்கேயும் நீட்டிக்கிறது. அந்த விதியைக் கண்டுபிடிக்காமல் அதே கணக்கைப் பத்து தடவை போடச் சொல்வதில் பயன் இல்லை.

பிள்ளைகள் பாடத்தை எப்படி நினைக்கிறார்கள் என்ற இந்த அறிவுக்குத் தனி இடம் கொடுத்துப் பேசியவர் லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர். பாட அறிவு ஒரு பக்கம், பொதுவான கற்பித்தல் முறைகள் ஒரு பக்கம் என்று ஆசிரியர் கல்வி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, நடுவில் இருக்கும் இதை யாரும் கவனிப்பதில்லை என்று 1986இல் எழுதினார். நம் நாட்டில் அதற்கும் முன்பே, 1972இல், மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் அதில் கைகொடுத்தார்கள். அங்கே பயிற்சிக்கு வந்த பள்ளி ஆசிரியர்களுக்கு யாரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் செய்ய வேண்டிய பரிசோதனைகளை அவர்களே செய்தார்கள். தப்பாக வந்தால் ஏன் என்று விவாதித்தார்கள். வகுப்புக்குத் திரும்பிய பிறகு மாதம் ஒரு முறை கூடி, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசினார்கள். 2002இல் அரசு அதை நிறுத்திவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது. ஆனால் அறிவியல் ஆசிரியர்களை எப்படித் தயாரிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த மாதாந்தரக் கூட்டத்தைத்தான்.

இந்த அளவுகோலை வைத்து உங்கள் முன்னால் இருக்கும் படிப்புகளைப் பார்ப்போம்.

எம்.ஏ. எஜுகேஷன் நல்ல படிப்பு. பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அதைப் படித்தவர்கள் பாடத்திட்டம், கொள்கை, ஆசிரியர் ஆதரவு என்று அருமையாக வேலை செய்கிறார்கள். ஆனால் பள்ளி ஆசிரியர் பணிக்கான தகுதியில் அது பி.எட்.டுக்கு ஈடாகாது. உங்களுக்கு வகுப்பறையே வேண்டும் என்றால் அதை முதலில் எடுக்காதீர்கள். எம்.எட். படிக்க பி.எட். வேண்டும், ஆகவே அது அடுத்த படி. முதுகலையில் 55 சதவீதம் இருந்தால் மூன்று வருட ஒருங்கிணைந்த பி.எட்.-எம்.எட். என்று ஒன்று உண்டு. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, தியோனாரில் இருக்கும் டாடா சமூக அறிவியல் கழகம் அதை நடத்தி வந்திருக்கிறது. இந்த வருடச் சேர்க்கை அறிவிப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின்னாளில் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கும் எண்ணம் இருந்தால் அந்த மூன்று வருடம் தகும். அந்த எண்ணம் இல்லையென்றால் இரண்டு வருட பி.எட். போதும்.

மகாராஷ்டிராவில் பி.எட். சேர்க்கைக்கு மாநில சி.இ.டி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். மனத்திறன், பொது அறிவு, ஆசிரியர் நாட்டம் என்று மூன்று பகுதி. ஆங்கிலவழிக் கல்லூரிக்கு ஈ.எல்.சி.டி. என்ற ஆங்கிலத் தேர்வும் சேர்ந்து வரும், விண்ணப்பத்திலேயே அதற்கும் குறி போட மறந்துவிடாதீர்கள். உங்கள் பட்டங்கள் தமிழ்நாட்டில் வாங்கியவை என்பதால், எந்த ஒதுக்கீட்டில் உங்களை வைப்பார்கள், இருப்பிடச் சான்றிதழ் தேவையா என்பதைத் தகவல் கையேட்டில் முதலில் படியுங்கள். நம் ஊரிலிருந்து வந்த பலர் மதிப்பெண் இருந்தும் கடைசி நேரத்தில் இந்தக் காகிதத்துக்காக அலைவதைப் பார்க்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் இப்போதே கவனியுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்க பி.எட். மட்டும் போதாது, 2010ஆம் ஆண்டு என்.சி.டி.இ. அறிவிக்கையின்படி டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேர்ச்சி வேண்டும். மாநில டெட் எழுதலாம், மத்திய அரசுப் பள்ளிகளுக்கு சி-டெட். கேந்திரிய வித்யாலயாவில் இயற்பியல் முதுகலை ஆசிரியர் பணிக்கு உங்கள் எம்.எஸ்சி.யோடு பி.எட். சேர்ந்தால் போதும். பட்டதாரி ஆசிரியர் பணி என்றால் பி.எஸ்சி.யில் என்னென்ன பாடங்கள், எத்தனை வருடம் படித்தீர்கள் என்று பார்ப்பார்கள். பழைய மதிப்பெண் பட்டியல்களை எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இயற்பியல் படித்துவிட்டோம், அறிவியல் ஆசிரியர் ஆகலாம் என்று நினைத்தால் அங்கே உயிரியலும் வேதியியலும் கேட்பார்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கட்டடத்தையும் ஃபீஸையும் விசாரிக்கிறோம், பயிற்சியை விசாரிப்பதில்லை. பல கல்லூரிகளில் பி.எட். என்றால் லெசன் பிளான் நோட்டும் சார்ட்டும்தான். கலர் பேனாவால் அடிக்கோடு போட்ட முப்பது லெசன் பிளான் இருக்கும். அதில் ஒன்றில்கூட 'பிள்ளைகள் இங்கே என்ன தவறாக நினைப்பார்கள்' என்று ஒரு வரி இருக்காது. அதனால் நேரில் போய், அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் மாணவிகளிடம் பேசுங்கள். அறிவியல் மெத்தட், அதாவது அறிவியல் கற்பிக்கும் முறை, எடுப்பவர் பள்ளியில் அறிவியல் எடுத்தவரா என்று கேளுங்கள். டீச்சிங் பிராக்டிஸின்போது மேற்பார்வைக்கு வருபவர் வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்க்கிறாரா, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாரா? பார்த்த பிறகு உட்கார வைத்துப் பேசுகிறாரா? 16 வாரமும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்போடு விடுகிறார்களா? கல்லூரியில் ஆய்வுக்கூடம் திறந்திருக்கிறதா? இதற்கெல்லாம் நல்ல பதில் வரும் கல்லூரி வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி இருந்தாலும் அங்கேயே சேருங்கள்.

எந்தக் கல்லூரியும் முழுசாகத் தராத ஒன்று உங்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மான்குர்டில் உள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பிரிவாக 1974இல் தொடங்கியது. வெளியில் அதை மாணவர்களுக்கான அறிவியல் ஒலிம்பியாட் போட்டிகள் நடத்தும் இடம் என்றுதான் தெரியும். ஆனால் பிள்ளைகள் அறிவியலையும் கணக்கையும் எப்படிக் கற்கிறார்கள் என்பதை ஆராய்வதே அதன் அடிப்படை வேலை. ஆசிரியர்களுக்குப் பட்டறைகள் நடத்துகிறார்கள். 'விஞ்ஞான் பிரதிபா' திட்டத்தின் பாட அலகுகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உரியவை, நாளைக்கே எடுத்துப் பயன்படுத்தலாம். அறிவியல் கல்வியில் முனைவர் பட்டம் அங்கே படிக்கலாம், உதவித்தொகையும் உண்டு. எம்.எஸ்சி. இருக்கிறபடியால் உங்களுக்கு அந்தக் கதவும் திறந்தே இருக்கிறது. சில வருடம் வகுப்பெடுத்த அனுபவத்தோடு ஆய்வுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒரு கனம் இருக்கும். பி.எட். முடித்த பிறகு நிதானமாக யோசியுங்கள்.

சம்பளம் இல்லாத இரண்டு வருடம் சாதாரண விஷயமில்லை, தெரியும். அரசு உதவி பெறும் கல்லூரியில் இடம் கிடைத்தால் கட்டணம் கணிசமாகக் குறையும். நுழைவுத்தேர்வில் நல்ல மதிப்பெண் எடுக்க வேண்டியது அதற்காகத்தான். இப்போதைய பள்ளியில் வேலையை விடும்போது பணி அனுபவச் சான்றிதழை வாங்காமல் வெளியே வராதீர்கள். மாலையில் டியூஷன் எடுத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் அந்த 16 வாரத்தில் மட்டும் வேண்டாம். காலையில் எடுத்த வகுப்பைப் பற்றி ராத்திரி உட்கார்ந்து எழுத உடம்பில் தெம்பு வேண்டும்.

கடைசியாக, தமிழ். இதில் உங்கள் பக்கம்தான் நான். வீட்டு மொழியை வகுப்பறையின் வளமாகப் பார்க்க வேண்டும் என்று 2005 தேசியக் கலைத்திட்ட வரைவே சொல்லியிருக்கிறது. ஒரு பிள்ளை, இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற ஆங்கிலத்தில், தன் மனதில் இருக்கும் தவறான எண்ணத்தைச் சொல்லாது. புத்தக வாக்கியத்தை ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடும், நீங்களும் புரிந்துவிட்டது என்று நம்பிவிடுவீர்கள். 'முதல் பல்பு கரண்டைத் தின்னுடும் மிஸ்' என்று தமிழில் சொன்னால்தான் உங்களுக்குப் பிடி கிடைக்கும்.

பள்ளி விதியோடு மோதாமல் இதைச் செய்ய வழி இருக்கிறது. முன்கணிப்பு கேட்கும்போதும், நாலைந்து பேராகக் கூடிப் பேசும்போதும் எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும் என்று விடுங்கள். உங்கள் வகுப்பில் மராத்தி, இந்தி, உருது பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள், அவர்களுக்கும் அதே உரிமை. முடிவை ஆங்கிலத்தில், முழு வாக்கியமாக, எல்லோரும் நோட்டில் எழுத வேண்டும். கரும்பலகையில் கலைச்சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். பிரின்சிபாலிடம் தமிழ் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒரு பாடத்தை இப்படி நடத்திவிட்டு, பிள்ளைகள் முன்கணிப்பாக எழுதியதையும் பாடம் முடிந்து ஆங்கிலத்தில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் காட்டுங்கள். அந்த நோட்டுகளில் சிலவற்றை நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள், பி.எட். சேர்ந்ததும் அறிவியல் மெத்தட் வகுப்பில் விவாதிக்க உங்கள் கையில் சொந்தச் சரக்கு இருக்கும்.